ஏரிக்கு எவ்வளவு தண்ணீர் வரும்? சிறு நீர்ப்பிடிப்பில் மழையிலிருந்து ஓட்டத்தைக் கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

"இந்த ஆண்டு இயல்பான மழை" என்று அறிவிப்பு வந்திருக்கும். ஆனால் ஊர்க் கண்மாய் பாதிகூட நிறைந்திருக்காது. ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை பக்கம் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. மொத்த மழை குறைவாகப் பெய்த ஆண்டில் மூன்று நாள் மழைக்கே கலங்கல் (ஏரியின் மிகுநீர் வழியும் இடம்) பாய்ந்ததையும் அவர்கள் பார்த்திருப்பார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: பெய்யும் மழையில் ஒரு நிலையான சதவீதம் ஏரிக்கு வந்து சேர்வதில்லை. மண் முதலில் தன் பங்கைக் குடிக்கிறது. அது குடித்த பிறகு மிஞ்சுவதுதான் ஓடுகிறது. எவ்வளவு குடிக்கும் என்பது மண்ணைப் பொறுத்தது, அதன் மேல் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது, முந்தைய சில நாட்களில் என்ன பெய்தது என்பதையும் பொறுத்தது.

அதனால்தான் "ஆண்டு மழை 900 மி.மீ., அதில் 15 சதவீதம் ஓட்டம்" என்று ஒரே வரியில் போடும் கணக்கை நான் ஏற்பதில்லை. பண்ணைக் குட்டை வெட்டவும் தடுப்பணை கட்டவும் ஏரி தூர்வாரவும் போடப்படும் பல திட்ட மதிப்பீடுகள் இந்த ஒற்றை வரியில்தான் நிற்கின்றன. நாள் மழையை வைத்து, ஒவ்வொரு நாளாகக் கணக்கிடுவதுதான் சரியான வழி. எக்செல் தெரிந்தால் போதும், பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. சில சதுர கிலோமீட்டர் அளவுள்ள நீர்ப்பிடிப்புகளுக்கு இதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

1. எல்லையை வரையுங்கள், பிறகு நடந்து பாருங்கள்

எந்த இடத்தில் விழும் மழை உங்கள் ஏரிக்கு வரும், எந்த இடத்தில் விழுவது பக்கத்து ஏரிக்குப் போகும் என்ற பிரிகோட்டைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் இருக்கும். செயற்கைக்கோள் உயரத் தரவை கியூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளில் போட்டால் எல்லையை அதுவே வரைந்து தரும்.

குன்றுப் பகுதியில் இந்த இரண்டும் நன்றாக வேலை செய்யும். சமவெளியில் கவனம் வேண்டும். சில மீட்டர் பிழையுள்ள உயரத் தரவை வைத்துக்கொண்டு, ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு மீட்டர் மட்டுமே சரியும் நிலத்தில் கோடு வரைந்தால் அந்தக் கோடு எங்கே வேண்டுமானாலும் போகும். அங்கே கால்நடையாகப் போய்த்தான் ஆக வேண்டும். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஒரு பெயரில் தண்ணீர் பார்க்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். "பெருமழைக்கு இந்த இடத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?" என்று அவர்களிடம் கேளுங்கள். சாலையும் ரயில் பாதையும் மேடாக வந்த பிறகு பழைய எல்லை மாறியிருக்கும். ஒரு சிறுபாலம் அடைந்து கிடந்தால் அதற்கு மேலே உள்ள நிலம் முழுவதும் உங்கள் கணக்கிலிருந்து விலகிப்போகும்.

இந்தப் படியில் வரும் பிழைதான் எல்லாவற்றிலும் பெரியது. பரப்பு 30 சதவீதம் தவறினால் விடையும் அதே அளவு தவறும். பிறகு எவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போட்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

2. மழைத் தரவு: நாள் கணக்கில் வேண்டும், பக்கத்தில் எடுத்தது வேண்டும்

மாத மொத்தம் உதவாது. நாள் மழைதான் வேண்டும். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் 'ஒரு நாள்' என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. 12ஆம் தேதி பதிவில் இருப்பது பெரும்பாலும் 11ஆம் தேதி மாலையும் இரவும் பெய்த மழை. ஏரி மட்டத்தோடு ஒப்பிடும்போது இதை மறந்தால் ஒரு நாள் தள்ளிப்போகும்.

மழைமானி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். வடகிழக்குப் பருவத்தில் காற்றழுத்தத் தாழ்வு நிலையால் பெய்யும் மழை பரவலாக இருக்கும். அப்போது 10 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தாலுகா தலைநகர் மழைமானியை ஓரளவு நம்பலாம். கோடையிலும் செப்டம்பரிலும் மாலையில் இடியோடு பெய்யும் மழை அப்படியல்ல. ஒரு ஊரில் கொட்டும், அடுத்த ஊரில் தரைகூட நனையாது. அதனால் நீர்ப்பிடிப்புக்குள்ளேயே ஒரு மழைமானி வைப்பதைத்தான் நான் சொல்வேன். வாய் சமமட்டமாக இருக்க வேண்டும். பக்கத்தில் மரமோ சுவரோ இருக்கக் கூடாது. தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுத வேண்டும். அவ்வளவுதான். நேரான பக்கங்கள் கொண்ட பாத்திரமும் அளவுகோலும் இருந்தால்கூடத் தொடங்கலாம்.

இணையத்தில் கிடைக்கும் கட்டக் கணக்கு மழைத் தரவைப் (நாட்டைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு மழை அளவு தருவது) பற்றி ஒரு எச்சரிக்கை. கால் டிகிரிக் கட்டம் என்றால் ஒரு பக்கம் 27 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு பரப்புக்குச் சராசரி எடுக்கும்போது ஒரு மூலையில் பெய்த 80 மி.மீ. மழை 35 ஆகத் தெரியலாம். ஓட்டம் தொடங்க ஒரு குறைந்தபட்ச மழை வேண்டும் என்பதால், உண்மையில் ஏரி நிறைந்த நாளில் உங்கள் கணக்கு சுழியம் காட்டும்.

3. மண்ணும் நிலமும்: வளைவு எண்

இனி நாம் பயன்படுத்தப்போவது வளைவு எண் முறை. அமெரிக்க மண் பாதுகாப்புத் துறை 1950களில் சிறு நீர்ப்பிடிப்புகளுக்காக உருவாக்கியது. இந்திய மண்ணுக்கு ஏற்ற மாற்றங்களுடன் இங்கே நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. 0 முதல் 100 வரை ஒரு எண். கூடக் கூட ஓட்டம் அதிகம்.

முதலில் மண்ணை நான்கு பிரிவில் ஒன்றில் போட வேண்டும். ஏ என்பது ஆழமான மணல், தண்ணீர் உடனே இறங்கும். பி என்பது ஓரளவு ஆழமான செம்மண், மணல் கலந்த வண்டல். சி என்பது களி கலந்தது அல்லது ஆழம் குறைந்தது. டி என்பது கரிசல், களிமண், அல்லது பாறை மேல் மெல்லிய மண்.

செம்மண்ணில் ஒரு சிக்கல் உண்டு. ஆழத்தையும் மணலையும் பார்த்தால் பி பிரிவு என்று தோன்றும். ஆனால் உழாமல் கிடக்கும் வெற்றுச் செம்மண்ணில் மழைத்துளி அடித்து, மேலே மெல்லிய ஓடு போல இறுகிவிடும். அதற்குப் பிறகு தண்ணீர் இறங்குவது வெகுவாகக் குறையும். அப்படிப்பட்ட தரிசை நான் சி பிரிவில்தான் வைப்பேன்.

இந்திய நிலைமைக்கான அட்டவணையிலிருந்து நமக்கு அடிக்கடி தேவைப்படும் எண்கள் (ஏ, பி, சி, டி வரிசையில்):

- வரப்பில்லாமல் நேர்வரிசைப் பயிர்: 76, 86, 90, 93
- வரப்பு போட்ட மானாவாரி, வரப்பு சரியில்லாதது: 67, 75, 81, 83
- வரப்பு நன்றாக இருந்தால்: 59, 69, 76, 79
- நெல் வயல்: எல்லா மண்ணுக்கும் 95
- புதர்க்காடு: 33, 47, 64, 67
- அடர்ந்த காடு: 26, 40, 58, 61
- தரிசு: 71, 80, 85, 88
- மண் சாலை: 73, 83, 88, 90
- கட்டடம், தார்ச்சாலை போன்ற கெட்டித் தரை: 77, 86, 91, 93

வரப்பில்லாத நிலத்துக்கும் நல்ல வரப்புள்ள நிலத்துக்கும் பி மண்ணில் 17 எண் வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள். மேலே வரப்பு கட்டினால் கீழே ஏரிக்கு வரத்து குறையும் என்பது இந்த அட்டவணையிலேயே தெரிகிறது.

விளக்கத்துக்காக ஒரு மாதிரி நீர்ப்பிடிப்பை எடுத்துக்கொள்வோம். ஏரியின் நீர்ப்பரப்பு நீங்கலாக 200 ஹெக்டேர். அதில் செம்மண் மானாவாரி 100 ஹெக்டேர் (75), பாறைக் குன்றில் புதர் 40 ஹெக்டேர் (67), இறுகிய தரிசு 40 ஹெக்டேர் (85), வீடும் சாலையும் 20 ஹெக்டேர் (91). பரப்பால் பெருக்கிக் கூட்டி 200 ஆல் வகுத்தால் சராசரி வளைவு எண் 77.

4. முந்தைய ஐந்து நாள் மழை

மேலே உள்ள எண்கள் நடுத்தர ஈரத்துக்கானவை. பயிர்க் காலத்தில், முந்தைய ஐந்து நாட்களில் மொத்தம் 36 மி.மீ.க்குக் குறைவாகப் பெய்திருந்தால் காய்ந்த நிலை. 36 முதல் 53 வரை நடுத்தரம். 53க்கு மேல் என்றால் ஈர நிலை. பயிரில்லாத காலத்துக்கு இந்த எல்லைகள் 13, 28.

காய்ந்த நிலைக்கான எண் = நடு எண் ÷ (2.281 − 0.01281 × நடு எண்)

ஈர நிலைக்கான எண் = நடு எண் ÷ (0.427 + 0.00573 × நடு எண்)

நம் 77 காய்ந்த நிலையில் 59.5 ஆகவும் ஈர நிலையில் 88.7 ஆகவும் மாறும்.

இந்த முறையின் பலவீனமும் இங்கேதான். ஐந்து நாளில் 52 மி.மீ. பெய்தால் ஒரு எண், 54 பெய்தால் வேறு எண். மண் அப்படித் திடீரென்று மாறாது. எல்லையை ஒட்டி வரும் நாட்களுக்கு இரண்டு நிலையையும் கணக்கிட்டு, இடையில் ஒரு மதிப்பை எடுப்பது நல்லது.

5. கணக்கு

மண் அதிகபட்சம் எவ்வளவு தண்ணீரைப் பிடிக்கும் என்பதை 'தே' (தேக்கம்) என்று வைப்போம். 'ம' அந்த நாள் மழை, 'ஓ' ஓட்டம். எல்லாம் மி.மீ. கணக்கில்.

தே = (25,400 ÷ வளைவு எண்) − 254

ஓ = (ம − 0.3 தே)² ÷ (ம + 0.7 தே)

மழை 0.3 தே-ஐத் தாண்டாவிட்டால் ஓட்டம் சுழியம். அந்த நாளுக்குச் சூத்திரத்தையே போடக் கூடாது. எக்செல்லில் இந்த நிபந்தனையை எழுத மறந்தால், எதிர்மறை எண் இருமடியாகி நேர்மறையாக வந்து நிற்கும். சின்ன மழைக்கெல்லாம் ஓட்டம் காட்டும்.

கரிசல் மண்ணுக்கு ஒரு மாற்றம். கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசலில் முதல் மழை வெடிப்புக்குள் இறங்கிவிடும், அப்போது 0.3 சரி. நனைந்து வெடிப்பு மூடிய பிறகு, அதாவது நடுத்தர, ஈர நிலைகளில், 0.3க்குப் பதில் 0.1ஐயும் 0.7க்குப் பதில் 0.9ஐயும் போட வேண்டும்.

சரி, நம் மாதிரி நீர்ப்பிடிப்பில் ஒரே நாளில் 60 மி.மீ. பெய்கிறது. மண் காய்ந்திருந்தால் ஓட்டம் 0.4 மி.மீ. நடுத்தர ஈரம் என்றால் 12.3. ஏற்கெனவே நனைந்திருந்தால் 30.6. இங்கே 1 மி.மீ. ஓட்டம் என்பது 2,000 கன மீட்டர். ஆக, ஒரே 60 மி.மீ. மழை சில நூறு கன மீட்டரும் தரலாம், 61,000 கன மீட்டரும் தரலாம்.

அடுத்ததையும் போட்டுப் பாருங்கள். ஒரு வாரத்தில் 25, 45, 0, 70, 30 என்று அடுத்தடுத்து பெய்கிறது, மொத்தம் 170 மி.மீ. முதல் இரண்டு நாளும் மண் காய்ந்த நிலை, ஓட்டம் இல்லை. நான்காம் நாளுக்கு முன்பு 70 மி.மீ. பெய்துவிட்டதால் ஈர நிலை, அன்று 39.2 மி.மீ. ஓடும். ஐந்தாம் நாள் 30 மி.மீ.க்கே 7.8 ஓடும். மொத்தம் 47 மி.மீ., அதாவது 94,000 கன மீட்டர். இதே நான்கு மழையும் பத்துப் பத்து நாள் இடைவெளியில் பெய்தால்? 70 மி.மீ. நாளில் மட்டும் 1.7 மி.மீ. ஓடும், மற்ற நாட்களில் எதுவும் இல்லை. மொத்தம் 3,400 கன மீட்டர். மழை ஒரு சொட்டும் குறையவில்லை. மாத மொத்தம் மட்டும் கையில் இருப்பவருக்கு இந்த இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் தெரியும்.

மாத மழையை ஒரே நாள் மழை போலச் சூத்திரத்தில் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. நடு எண் 77ஐ வைத்து, 180 மி.மீ. அக்டோபர் மழையை அப்படிப் போட்டால் 106 மி.மீ. ஓட்டம் வரும். உண்மையில் அந்த மழை பல சிறு மழைகளாகப் பெய்திருந்தால் ஏரிக்கு எதுவுமே வந்திருக்காது.

இந்த முறை பார்க்காத ஒன்று, மழையின் வேகம். ஒரு மணி நேரத்தில் கொட்டிய 60 மி.மீ.யும் நாள் முழுக்கத் தூறிய 60 மி.மீ.யும் இதற்கு ஒன்றுதான். கோடை இடிமழைக்குக் கணக்கு குறைவாகவும் அடைமழைக்கு அதிகமாகவும் வர வாய்ப்பு உண்டு.

6. சராசரி எண் போதுமா?

பெருமழைக்குப் போதும், சிறுமழைக்குப் போதாது. நடுத்தர ஈரத்தில் 100 மி.மீ. மழைக்கு, சராசரி எண் 77 தருவது 77,900 கன மீட்டர். நான்கு நிலத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டினால் 80,600. வித்தியாசம் பெரிதல்ல. அதே ஈரத்தில் 30 மி.மீ. மழைக்குச் சராசரி எண் தருவது 1,260 கன மீட்டர். தனித்தனியாகப் போட்டால் 4,140. மூன்று மடங்குக்கு மேல். மானாவாரியும் புதரும் அநேகமாக எல்லாவற்றையும் குடித்துவிட, தரிசும் கெட்டித் தரையும் மட்டும் ஓட்டம் தருகின்றன. நம் ஊர்களில் சிறுமழை நாட்களே அதிகம் என்பதால், நிலத்தைப் பிரித்துத் தனித்தனியாகவே கணக்கிடுங்கள். எக்செல்லில் மூன்று நெடுவரிசை கூடும், அவ்வளவுதான்.

7. வழியில் காணாமல் போவது

இதுவரை கணக்கிட்டது நிலத்தை விட்டுக் கிளம்பிய தண்ணீர். ஏரிக்கு வந்து சேருவது வேறு. நம் ஏரிகள் பெரும்பாலும் சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் ஏரி நிறைந்து கலங்கல் வழியாக வந்தால்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர். ஆகவே மேல் ஏரியின் நீர்ப்பிடிப்பை உங்கள் பரப்போடு சேர்க்காதீர்கள். அதைத் தனியாகக் கணக்கிட்டு, அது நிறைய எவ்வளவு பாக்கி என்று நாள்தோறும் கழித்து, மீறுவதை மட்டும் கீழே விடுங்கள். தடுப்பணை, பண்ணைக் குட்டை, கைவிட்ட கல்குவாரி எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். நெல் வயலுக்கு அட்டவணை 95 என்று சொன்னாலும், வரப்புயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்வரை அதிலிருந்து ஒன்றும் வெளியே வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வரத்துக் கால்வாயில் சீமைக்கருவேலம் அடைத்திருக்கிறதா, ஆக்கிரமிப்பு இருக்கிறதா, கரை உடைந்து தண்ணீர் வேறு பக்கம் போகிறதா என்று பார்க்காமல் வளைவு எண்ணைத் திருத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை.

8. ஏரியை வைத்தே சரிபாருங்கள்

பல ஊர்களில் இந்தப் படியைச் செய்வதே இல்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. மதகருகே ஒரு அளவுகோலை ஊன்றி, பருவம் முழுவதும் காலை 8.30க்கு மட்டத்தை எழுதுங்கள்.

ஐந்தாம் பகுதியில் பார்த்த வாரத்தில் நான்காம் நாள் 70 மி.மீ. மழைக்கு மட்டம் 30 செ.மீ. ஏறியது, நீர்ப்பரப்பு அப்போது சராசரியாக 25 ஹெக்டேர் என்று வைப்போம். ஏறிய தண்ணீர் 75,000 கன மீட்டர். இதில் ஏரி மேலேயே நேரடியாக விழுந்த மழை 17,500. அதைக் கழித்தால் வரத்து 57,500. மதகு திறந்திருந்தால் வெளியே போனதைக் கூட்ட வேண்டும். நம் கணக்கு அன்றைக்குச் சொன்னது 78,400. வழியில் தண்ணீர் போகிறதா என்று முதலில் தேடுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால், விடை பொருந்தும்வரை வளைவு எண்ணை மாற்றிப் பாருங்கள். இந்த எடுத்துக்காட்டில் ஈர நிலை எண் 83.6 என்றால் பொருந்தும். அதற்கு இணையான நடு எண் 68 அல்லது 69. ஆனால் ஒரு மழையை வைத்து மாற்றிவிடாதீர்கள். சிறியதும் பெரியதுமாகப் பல மழைகளுக்குப் பார்த்து, வித்தியாசம் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் மட்டும் மாற்றுங்கள்.

9. நம்பத்தக்க வரத்து

எண் பொருந்திய பிறகு, 30 ஆண்டு நாள் மழையை முழுவதும் இதில் ஓட்டி, ஆண்டு வரத்துகளைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். வரிசை எண்ணை 31 ஆல் வகுத்தால் அந்த வரத்து எத்தனை சதவீத ஆண்டுகளில் கிடைக்கும் என்று தெரியும். 23ஆம் இடத்தில் இருப்பது ஏறத்தாழ 75 சதவீத நம்பகம், பாசனத் திட்டத்துக்கு வழக்கமாக எடுப்பது இதைத்தான். சராசரி வரத்தை எடுக்க வேண்டாம். இரண்டு மூன்று வெள்ள ஆண்டுகள் சராசரியைத் தூக்கிவிடும், அந்த வெள்ளமும் கலங்கல் வழியாக வெளியே போயிருக்கும். சராசரி மழை பெய்த ஆண்டைத் தேடி அதன் வரத்தை எடுப்பதும் சரியல்ல, மேலே பார்த்த 94,000, 3,400 கணக்கு அதற்கும் பொருந்தும்.

10. கலங்கலுக்கு வேண்டியது உச்ச ஓட்டம்

கலங்கல், சிறுபாலம் கட்டுவதற்கு மொத்தத் தண்ணீர் போதாது, உச்ச ஓட்டம் (நொடிக்கு அதிகபட்சம் எத்தனை கன மீட்டர்) வேண்டும். நீர்ப்பிடிப்பின் கடைக்கோடியிலிருந்து தண்ணீர் வந்து சேரும் நேரத்தை முதலில் காணுங்கள். நிமிடத்தில் அந்த நேரம் = 0.0195 × நீளத்தின் (மீட்டரில்) 0.77 அடுக்கு × சரிவின் (வீழ்ச்சி ÷ நீளம்) −0.385 அடுக்கு. நீளம் 2,000 மீட்டர், வீழ்ச்சி 30 மீட்டர் என்றால் சுமார் 34 நிமிடம். அந்த 34 நிமிடத்துக்கு உங்கள் ஊரில் 25 அல்லது 50 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழை வேகத்தை எடுக்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கு மணிக்கு 70 மி.மீ., ஓட்டக் குணகம் (மழையில் ஓட்டமாக மாறும் பங்கு) 0.35 என்று வைத்தால், 200 ஹெக்டேருக்கு 0.35 × 70 × 200 ÷ 360 = நொடிக்கு 13.6 கன மீட்டர்.

இதை ரைவ்ஸ் சூத்திரத்தோடு ஒப்பிடுங்கள். 1884இல் சென்னை மாகாண ஆறுகளுக்காக வந்தது: பரப்பை (சதுர கி.மீ.) மூன்றில் இரண்டு அடுக்காக்கி ஒரு குணகத்தால் பெருக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கி.மீ.க்குள் என்றால் குணகம் 6.8, 80 முதல் 160 கி.மீ. வரை 8.5, மலையடிவாரச் சிறு பகுதிகளுக்கு 10.2. நம் 2 சதுர கி.மீ.க்கு முறையே 10.8, 13.5, 16.2 வரும். இரண்டு முறையும் அருகருகே வந்தால் பெரியதை எடுத்துக்கொண்டு வடிவமைக்கலாம். ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு என்றால், குணகத்தைத் தொடுவதற்கு முன்பு பரப்பையும் சரிவையும் வரைபடத்தில் மறுபடி அளந்து பாருங்கள்.